பகிஷ்காரமும் பாட்டும்: ‘கிரேஸ்லாண்ட்’ சுற்றுப்பயணம் பற்றி ஓர் ஆராய்ச்சி

பாடகர் ஒருவர் புதிய இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டுவிட்டு, அதன்பொருட்டு நாடு நாடாகச் சென்று கச்சேரி செய்வதென்பது மேலைநாட்டு இசை வாணிகத்தில் நெடுங்காலமாக நிலைபெற்றுவிட்ட வழக்கம். தட்டின் விற்பனைக்குக் கச்சேரியும் கச்சேரியின் வசூலுக்குத் தட்டும் ஒன்றுக்கொன்று விளம்பரமாக நிற்க, இரண்டின் லாபமும் பாடகரையும் நிறுவனத்தையும் சென்றடையும். அதற்குமேல் அந்தப் பிரயாணத்தில் ஆராய்வதற்குப் பெரும்பாலும் ஒன்றும் இராது. ஆனால், 1987ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாடகர் பால் சைமன் ‘கிரேஸ்லாண்ட்’ என்னும் தம் இசைத்தட்டுக்காக மேற்கொண்ட சுற்றுப்பயணம் அந்த வகையில் அடங்குவதன்று. சங்கீதத்துக்கும் அரசியலுக்கும் உள்ள சம்பந்தம் யாது, ஒரு ஜனசமூகம் தன் விடுதலைக்காக விதித்துக்கொண்ட பகிஷ்காரத்தைக் கலைஞன் ஒருவன் தன் கலையின் பெயரால் மீறலாமா, மீறியபின் அதற்குப் பரிகாரம் உண்டா என்னும் மூன்று கேள்விகளும் அந்த ஒரு பயணத்திலேயே ஒன்றாகப் பிணைந்து கிடக்கின்றன. இவற்றைப் பற்றிப் பலரும் பலவாறு எழுதியிருக்கின்றனர் எனினும், அவர்களுள் பெரும்பாலோர் இசைத்தட்டையும் சுற்றுப்பயணத்தையும் ஒரே விஷயமாகக் கொண்டு தீர்ப்புக் கூறியிருப்பதே குழப்பத்துக்குக் காரணம் என்று கருதுகிறேன். இரண்டையும் பிரித்துப் பார்த்தாலன்றி நியாயம் விளங்காது.

முதலில் பகிஷ்காரத்தின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். 1948இல் தென்னாப்பிரிக்காவில் தேசியக் கட்சி அதிகாரத்துக்கு வந்து, மனிதரை நிறத்தால் பிரித்து வைப்பதையே ராஜாங்கக் கொள்கையாக நிறுவிற்று. அதற்கு முன்பே, 1946இல், அங்கே குடியேறிய இந்தியருக்கு இழைக்கப்பட்ட அநீதியை முன்னிட்டு அந்நாட்டுடன் வர்த்தக உறவை முறித்துக்கொண்ட முதல் தேசம் இந்தியா. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் சென்னையிலிருந்து கப்பலேறிய கூலிகளின் சந்ததியார் அந்த இந்தியருள் பெரும்பகுதியினர் ஆதலால், தமிழர்க்கு இந்தச் சரித்திரம் அந்நியமானதன்று. பின்னர் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 1968இலும், மேலும் அழுத்தமாக 1980 டிசம்பரிலும், கலை, கல்வி, விளையாட்டு முதலிய எல்லாத் துறைகளிலும் தென்னாப்பிரிக்காவோடு தொடர்பை அறுத்துக்கொள்ளுமாறு தேசங்களையும் கலைஞர்களையும் கேட்டுக்கொண்டது. மீறியவர்களின் பெயர்களைத் தொகுத்து ஒரு பட்டியலும் வெளியிட்டு வந்தது.

இத்தகைய பகிஷ்காரம் எத்தகைய தியாகத்தைக் கோரியது என்பதை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1974ஆம் ஆண்டின் டேவிஸ் கோப்பை டென்னிஸ் பந்தயத்தில், சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்களின் ஆட்டத்தால் இறுதிச் சுற்றுவரை ஏறிவந்த இந்திய அணி, அங்கே எதிரியாக நின்றது தென்னாப்பிரிக்கா என்பதனால் ஆடவே மறுத்து, கோப்பையை ஆடாமலே அந்நாட்டுக்கு விட்டுக்கொடுத்தது. வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கக்கூடிய அந்தச் சந்தர்ப்பத்தை இளைஞர்கள் இழந்தார்கள். ஆயினும் அந்த மறுப்பு சரியே என்று இன்றளவும் நம் நாட்டில் அறிவுடையோர் கொள்கின்றனர். பகிஷ்காரம் என்பது அதனால் யாருக்கும் நஷ்டமில்லாதபோது மட்டும் கைக்கொள்ளப்படும் விரதமன்று என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டு சைமனின் விஷயத்துக்கு வருவோம்.

1983இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டு விற்பனையில் தோல்வியுற்றது. சொந்த வாழ்க்கையிலும் சோர்வுற்றிருந்த அந்தக் காலத்தில், அவருடைய கைக்கு ஒலிநாடா ஒன்று வந்து சேர்ந்தது. ஜோகன்னஸ்பர்க் நகரை அடுத்த கறுப்பர் குடியிருப்புகளின் தெரு இசை அதில் பதிவாகியிருந்தது. வாசித்தவர்கள் போயோயோ பாய்ஸ் என்னும் குழுவினர். காரில் போகும்போதெல்லாம் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு அதன் வசப்பட்ட சைமன், 1985 பிப்ரவரியில், தம்முடைய ஒலிப்பதிவு வல்லுநரான ராய் ஹேலியை அழைத்துக்கொண்டு நேரே ஜோகன்னஸ்பர்க்குக்குப் புறப்பட்டுவிட்டார். புறப்படுமுன் அவர் யோசனை கேட்டவர்களுள் ஹாரி பெலஃபான்டேயும் ஒருவர். கறுப்பரின் உரிமைக்காகப் பல்லாண்டு பாடுபட்ட அப்பெரியவர், முதலில், நிறவெறியை எதிர்த்துப் போராடும் ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸாரைக் கலந்துகொள்ளுங்கள் என்று சொன்னார். சைமன் அதைச் செய்யவில்லை. அவர்மேல் பிற்காலத்தில் வந்த குற்றச்சாட்டுகள் அனைத்துக்கும் வித்து இந்த ஒன்றே.

அவர் பக்கத்தில் சொல்லக்கூடிய நியாயங்களும் இல்லாமலில்லை. தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டி என்னும் உல்லாச நகரத்தில் பாடுவதற்குப் பெருந்தொகை தருவதாக வந்த அழைப்புகளை அவர் மறுத்திருந்தார். அவரை வரவேற்பதா என்பதைக் குறித்து ஜோகன்னஸ்பர்க்கின் கறுப்பு இசைக் கலைஞர்களின் சங்கம் கூடி வாக்கெடுத்து, வரட்டும் என்றே தீர்மானித்தது. நியூயார்க்கில் தேர்ந்த வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் நிர்ணயித்திருந்த கூலியைப் போல் மும்மடங்கு கூலி அவர் கொடுத்தார். அந்நாட்டுக் கலைஞர்கள் அதுவரை கண்டிராத தொகை அது. ரே ஃபிரியின் கிதாரும், பக்கிதி குமாலோவின் கனத்த பேஸ் கிதாரும், ஃபொரேரே மொட்லொஹெலோவாவின் அக்கார்டியனும் அந்தப் பதிவறையில் முழங்கின. எனினும், அந்த அறைக்கு வெளியே இருந்த நாடு எத்தகையது என்பதைச் சைமனே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்: மாலை வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் வாத்தியக்காரர்கள் நிலைகொள்ளாமல் தவிப்பார்களாம்; வெள்ளையர் நகரத்தின் வீதியில் இருட்டியபின் கறுப்பர் நடமாடுவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும், வீடு திரும்ப வண்டியும் வேண்டும். உள்ளே ஒரு நாட்டின் ஆனந்தமெல்லாம் ஒலிநாடாவில் ஏறிக்கொண்டிருக்க, அதை வாசித்த கைகளுக்குரியவர்கள் போலீஸுக்கு அஞ்சிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே பதிவானது பெரும்பாலும் தாளமும் வாத்தியமுமே. பாட்டின் சொற்கள் பின்னரே பிறந்தன. நாடாக்களை நியூயார்க்குக்குக் கொண்டுபோய், ஹேலியும் அவரும் வெட்டி ஒட்டிச் சீர்செய்து, அந்த வாத்தியக் கட்டுமானத்தின்மேல் சைமன் தம் சாகித்தியத்தைப் பொருத்தினார். அத்தட்டின் ஒரு பாட்டில் குமாலோ வாசிக்கும் மின்னல் போன்ற பேஸ் சங்கதியின் பிற்பாதி, முற்பாதியை நாடாவில் தலைகீழாகத் திருப்பி ஒட்டியதேயாகும். வாசித்தவன் வித்தையும் ஒட்டியவன் யுக்தியும் பிரிக்கவொண்ணாதபடி கலந்துவிட்ட இடம் அது. இவ்வாறு உருவான பாட்டு யாருக்குச் சொந்தம் என்னும் கேள்வி இங்கேயே எழுகிறது. லேடிஸ்மித் பிளாக் மம்பாஸோ என்னும் பாடகர் குழுவின் தலைவரான ஜோசப் ஷபலாலா, மொட்லொஹெலோவா, ஜெனரல் ஷிரிண்டா முதலிய சிலரின் பெயர்கள் கூட்டுப் படைப்பாளிகளாகத் தட்டில் இடம்பெற்றன. ஆனால் அத்தட்டின் கிதார் ஒலிக்கே உயிராக விளங்கிய ரே ஃபிரி, தமக்கு உரிய உரிமை கிட்டவில்லை என்ற மனத்தாங்கலைப் பின்னாளில் வெளியிட்டார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து லாஸ் லோபோஸ் குழுவினரும், தங்கள் பாட்டொன்றைத் தம்முடையதாகச் சைமன் போட்டுக்கொண்டார் என்று வெளிப்படையாகவே குறைகூறினர். கூலி தாராளமாகக் கொடுக்கப்பட்டது என்பது மெய். கூலி வேறு, கர்த்திருத்துவம் வேறு என்பதும் மெய்.

தட்டு 1986 ஆகஸ்டில் வெளியாயிற்று. கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றன. 1987இல் ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான கிராமி விருதும் கிடைத்தது. புகழோடு ஆட்சேபணையும் வளர்ந்தது. ஹோவர்டு சர்வகலாசாலையின் கறுப்பு மாணவர்கள் அவரை நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்டனர். இங்கிலாந்தில் ஜெரி டாமர்ஸ், ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸின் தலைவர் ஆலிவர் டாம்போவின் குமாரர் டாலி டாம்போ ஆகியோர் அமைத்த நிறவெறி எதிர்ப்புக் கலைஞர் இயக்கம் அவர் மன்னிப்புக் கோரவேண்டும் என்றது. அவர்களுடைய வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று: ஒருவர் நல்லெண்ணத்தோடு மீறினால், அடுத்தவர் பணத்துக்காக மீறுவதை எவ்வாறு தடுப்பது? சில பத்துக் கலைஞர்களுக்கு நன்மை கிட்டியது என்பதற்காக, கோடிக்கணக்கான மக்களின் ஆயுதத்தை மழுங்கச் செய்யலாமா? இதோடு, அத்தட்டில் அந்நாட்டின் அடிமைத்தனத்தைப் பற்றி வெளிப்படையாக ஒரு சொல்லும் இல்லை என்பதும், சன் சிட்டியில் பாடியவரான லிண்டா ரான்ஸ்டாட் அதில் ஒரு பாட்டுக்குக் குரல் கொடுத்திருந்தார் என்பதும் குற்றப்பத்திரிகையில் சேர்ந்துகொண்டன. கலைஞன் எந்தக் கட்சியிடமும் அனுமதி கேட்க வேண்டியவனல்லன் என்பது சைமன் பலமுறை கூறிய சமாதானம். இந்தச் சமாதானத்தை நான் ஏற்கவில்லை. ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸ் அன்று அதிகாரத்தில் அமர்ந்து உத்தரவிட்ட கட்சியன்று. வாக்குரிமையற்ற ஒரு ஜனசமூகம் தன் கருத்தைச் சொல்வதற்கு வைத்திருந்த வாய் அது. அதனிடம் சென்று ஒரு வார்த்தை கேட்பது கலைஞனின் சுதந்திரத்துக்குப் பங்கமாகாது, மரியாதையே ஆகும்.

இனிச் சுற்றுப்பயணம். இதன் யோசனை முதலில் சைமனுடையதன்று, ஹ்யூ மசெகேலாவினுடையது. 1960இல் ஷார்ப்வில் படுகொலைக்குப் பின் தாய்நாட்டை விட்டு வெளியேறிய அந்த எக்காளக் கலைஞர், தம்மையும் மிரியம் மகேபாவையும் சேர்த்துக்கொண்டு தென்னாப்பிரிக்க இசைக்கே ஒரு யாத்திரையாக இதை நடத்தலாம் என்றார். மகேபாவின் கதை அறியாதார்க்கு ஒரு வார்த்தை: தாயின் மரணச் செய்தி கேட்டு 1960இல் ஊர் திரும்ப முயன்றபோதுதான், தம் கடவுச்சீட்டு ரத்தாகிவிட்டதென்பதை அவர் அறிந்தார், 1963இல் ஐக்கிய நாடுகளின் குழுமுன் சாட்சி சொன்னார், அமெரிக்காவில் புகழின் உச்சியில் இருந்தவர், கறுப்பர் இயக்கத் தலைவர் ஸ்டோக்லி கார்மைக்கேலை 1968இல் மணந்துகொண்டதும் கச்சேரிகளை இழந்து, கினி நாட்டில் போய் வாழ்ந்தார். பகிஷ்காரத்தால் யாருடைய விடுதலை நாடப்பட்டதோ அவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் இவர். பகிஷ்காரத்தை மீறியவரென்று உலகம் ஏசிய மனிதரோடு இவர் ஒரே மேடையில் ஏறினார் என்றால், அதைப் பணத்தாசை என்று தள்ளிவிடுவது அறியாமை. சைமனும் தம் பங்குக்கு, 1987 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் குழுவுக்கு எழுதி, பகிஷ்காரத்தை ஆதரிப்பதாகவும் தென்னாப்பிரிக்காவில் கச்சேரி செய்வதில்லை என்றும் உறுதி தந்தார். குழுவும் அதை ஏற்றது.

பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் ஹாலந்தின் ராட்டர்டாம் நகரில் பயணம் துவங்கிற்று. அதன் சிகரம் பிப்ரவரி 14, 15 தேதிகளில் ஜிம்பாப்வேயின் தலைநகரான ஹராரேயில் நடந்த கச்சேரிகள். தென்னாப்பிரிக்காவினுள் நடத்தவியலாத கச்சேரியை அதன் எல்லைக்கு அப்பால், விடுதலை பெற்ற அண்டை நாட்டில் நடத்தினார்கள். அவை நடந்த ரூஃபாரோ மைதானம் சாமானியமான இடமன்று. 1980 ஏப்ரலில் ஜிம்பாப்வேயின் சுதந்திர விழா அங்கேதான் நிகழ்ந்தது. அன்று பாடியவர் ஜமைக்காவின் பாப் மார்லி. அந்த மைதானத்தில் இப்போது பல்லாயிரம் பேர், கறுப்பரும் வெள்ளையரும் கலந்து, பட்டப்பகல் வெயிலில் கூடினர். தென்னாப்பிரிக்காவிலிருந்து எல்லை கடந்து வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.

அந்தக் கச்சேரியின் படம் இருக்கிறது. அதைக் கவனித்துப் பார்ப்பவர்க்கு முதலில் புலப்படுவது, தட்டின் அட்டையில் யாருடைய பெயர் பெரிதாக இருக்கிறதோ அவர் மேடையில் அத்தனை நேரம் இல்லை என்பதே. நம் சங்கீதக் கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது பாடகர் தாளம் போட்டுக்கொண்டு கேட்டிருப்பது வழக்கம். இங்கேயோ, மேடையையே பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு அவர் ஒதுங்கிவிடுகிறார். மசெகேலா முன்வந்து, நெல்சன் மண்டேலாவை ஊருக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்னும் தம் புதிய பாட்டை முழக்குகிறார். மண்டேலா சிறையிலிருந்து அனுப்பிய பிறந்தநாள் கடிதமே அப்பாட்டுக்குத் தூண்டுகோல். அவருடைய நாட்டில் சிறையிலிருந்த அம்மனிதரின் படத்தை வெளியிடுவதும் குற்றமாயிருந்த காலம் அது. பின்னர் ‘ஸ்டிமேலா’ என்னும் பாட்டில், தூர தேசங்களிலிருந்து தொழிலாளரைச் சுரங்கங்களுக்கு ஏற்றிவரும் நிலக்கரி ரயிலைத் தம் தொண்டையாலேயே ஊதச் செய்கிறார்; அந்த ஊதல் கேட்கும்போது கூட்டம் ஒரு கணம் அடங்கி, பிறகு ஆரவாரிக்கிறது. மகேபா, 1976இல் பள்ளி மாணவர்கள்மேல் துப்பாக்கி பாய்ந்த சொவெட்டோவின் துயரத்தைப் பாடுகிறார். தட்டில் ரான்ஸ்டாட் பாடிய பகுதியை, மேடையில் சைமனோடு சேர்ந்து பாடுபவரும் மகேபாவே. குற்றச்சாட்டுக்கு இலக்கான அதே பாட்டு, நாடுகடத்தப்பட்ட ஒரு பெண்ணின் குரலில் வேறொரு பாட்டாகிவிடுகிறது.

இதே மேடையில் பாடிய லேடிஸ்மித் பிளாக் மம்பாஸோ குழுவினரைச் சைமனே உலகுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தார் என்று சொல்வது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. இது முழு உண்மையன்று. நேட்டாலின் லேடிஸ்மித் ஊரைச் சேர்ந்த ஷபலாலாவின் குழு, 1973 முதலே தன் நாட்டில் இசைத்தட்டுகளால் பெரும்புகழ் பெற்றிருந்தது. சுரங்கத் தொழிலாளர் விடுதிகளில், வாரக் கடைசி இரவுகளில், ஓசையெழாமல் கால்களை மெத்தென்று வைத்து ஆடிக்கொண்டே பல குரலில் பாடும் இசிகாத்தமியா என்னும் முறை அவர்களுடையது. வாத்தியம் ஒன்றுமில்லை. பத்துப் பேர் நிற்க, ஷபலாலாவின் மெல்லிய உச்சக்குரல் முன்னே செல்ல, மற்ற கனத்த குரல்கள் கீழே அலையாக எழுந்து அதைத் தாங்குகின்றன. திடீரென்று பத்துக் கால்களும் ஒரே சமயத்தில் தலையுயரத்துக்கு உதைத்தெழுந்து சத்தமின்றி இறங்குகின்றன. உலகம் அவர்களைப் பரவலாக அறிந்தது இந்தத் தட்டாலும் பயணத்தாலும்தான். ஆனால் அவர்கள் அறியப்படாதவர்களாக இருந்தார்கள் என்றால், எவரால் அறியப்படாதவர்கள் என்று கேட்கவேண்டும். மசெகேலாவும் புதியவரல்லர்; அவருடைய வாத்திய இசைத்தட்டு 1968இலேயே அமெரிக்காவில் முதலிடம் பெற்றிருந்தது. ஹராரே மேடையில் இவர்கள் எல்லாரும் சேர்ந்து ஆப்பிரிக்காவின் விடுதலைக் கீதமான ‘என்கோசி சிகெலெல் இஆப்பிரிக்கா’வை இசைத்தார்கள், தென்னாப்பிரிக்காவில் போராட்டக்காரர்களின் கீதமாயிருந்த அதைப் பல்லாயிரம் பேர் எழுந்து நின்று உடன்பாடினர்.

ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் ஆறு இரவுகள் கச்சேரி நடந்தபோது வாயிலில் எதிர்ப்பாளர்கள் நின்றனர். உள்ளே நாடிழந்த மகேபாவும் மசெகேலாவும் விடுதலையைப் பாட, வெளியே அவர்களுடைய விடுதலைக்காகவே இளைஞர்கள் கொடி பிடித்து நின்ற அந்தக் காட்சியில் இருசாராரும் நேர்மையானவர்கள் என்பதே அதன் வேதனை. கோடையில் அமெரிக்காவில் நடந்த கச்சேரிகளின் வருவாயை, தென்னாப்பிரிக்காவில் சிறைவைக்கப்பட்ட குழந்தைகளின் நலம் உள்ளிட்ட தருமங்களுக்கு ஒதுக்கினார்கள்.

இந்த விவாதம் வீணாய்ப் போகவில்லை என்பதற்குச் சான்று அதே ஆண்டில் கிடைக்கிறது. 1987 மே மாதத்தில் லண்டனில் கேனன் காலின்ஸ் நினைவுச் சொற்பொழிவு ஆற்றிய ஆலிவர் டாம்போ, நிறவெறி ராஜாங்கத்தின் கலாசாரம் வேறு, போராடும் மக்களிடையே வளர்ந்துவரும் கலாசாரம் வேறு என்று பகுத்து, பின்னதைப் பகிஷ்காரம் தீண்டலாகாது என்னும் கருத்தை வெளியிட்டார். டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் கூடிய மகாநாடும் அதே வழியைப் பின்பற்றிற்று. சைமன் ஒருவரால்தான் இக்கொள்கை திருந்திற்று என்று சொல்லத் துணியமாட்டேன். அந்நாட்டினுள் இருந்த கலைஞர்களே நெடுநாளாக அதைக் கேட்டு வந்தனர். ஆயினும், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் விலக்கினால் யாரைக் காக்க எண்ணினோமோ அவர்களுடைய வாயையே அடைத்தவராவோம் என்பதை, ஹராரேயின் மேடையைவிடத் தெளிவாக விளக்கிய பிரசங்கம் வேறில்லை.

பின்வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1990இல் மண்டேலா விடுதலையானார். மகேபாவும் மசெகேலாவும் அவ்வாண்டிலேயே தாய்நாடு திரும்பினர். ஐக்கிய நாடுகளின் கலாசாரப் பகிஷ்காரம் 1991 டிசம்பரில் நீங்கியபின், 1992 ஜனவரியில் சைமன் தம்முடைய அடுத்த இசைத்தட்டுக்கான சுற்றுப்பயணத்தில் ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் மைதானத்துக்கு வந்தார். இம்முறை ஆப்பிரிக்க தேசியக் காங்கிரஸின் இசைவு இருந்தது. மண்டேலாவே வரவேற்பு அளித்தார். எனினும் வேறு சில குழுவினர் எதிர்த்தனர். கச்சேரி ஏற்பாட்டாளரின் அலுவலகத்தில் கையெறி குண்டு வெடித்தது. எதிர்பார்த்த கூட்டமும் சேரவில்லை. ஷபலாலாவின் குழுவினர் 1993இல் நோபல் பரிசு விழாவுக்கு மண்டேலாவுடன் ஓஸ்லோ சென்று பாடினர். தட்டு வெளியாகி இருபத்தைந்தாண்டு கழித்து, ஒரு திரைப்படத்துக்காகச் சைமனும் டாலி டாம்போவும் நேரில் சந்தித்து, பழைய வழக்கை எதிரெதிரே அமர்ந்து பேசி, தழுவிக்கொண்டு பிரிந்தனர்.

ஆகவே என் அபிப்பிராயத்தில், கேளாமல் போனது பிழை. போனதால் விளைந்த இசைத்தட்டு அழகியது, ஆனால் வாயடைத்தது. அந்த வாயைத் திறந்துவிட்டது சுற்றுப்பயணம். தட்டில் சைமன் விருந்தினரை அழைத்தார். ஹராரேயில் அவரே விருந்தினர். ஃபிரியின் மனத்தாங்கல் மட்டும் எந்த மேடையாலும் தீரவில்லை. 2017இல் அவர் காலமாகும்வரை அந்தக் கணக்கு அப்படியே நின்றது. ‘கிரேஸ்லாண்ட்’ தட்டைக் கேட்டு மகிழ்ந்த தமிழ் வாசகர்கள் அதோடு நில்லாமல் ஹராரே கச்சேரியின் படத்தையும் தேடிப் பார்க்க வேண்டும். மகேபாவும் மசெகேலாவும் பாடும் இடங்களை ஓட்டிவிடாமல் முழுமையாகக் கேட்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.